பை இல்லாமல் ஒப்பரேஷன் செய்யலாமா? கீழ் நேர்குடல் புற்றுநோய் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பயொப்சி (கட்டியில் சின்னத் துண்டெடுத்துப் பார்க்கும் சோதனை) முடிவு வந்த அன்றே வீட்டுக்குள் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளும் கேள்வி, "பை வைப்பினமோ?" என்பதுதான். குடலை வயிற்றுத் தோலுக்கு வெளியே எடுத்து, அதில் வரும் மலத்தைப் பிடிக்க ஒட்டும் பை அது. மலவாசலை இறுக்கி வைத்திருக்கும் தசையை விட்டுவிட்டுக் கட்டியை மட்டும் எடுக்கும் சத்திரசிகிச்சை பற்றியே இந்தப் பக்கம். யாழ் போதனா வைத்தியசாலைக்கும் தெல்லிப்பழைப் புற்றுநோய் நிலையத்துக்கும் கிளினிக் கொப்பியோடு நடக்கிறவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் கேட்கிறவற்றை, அவர்கள் கேட்கிற மாதிரியே கீழே தந்திருக்கிறேன். உங்கள் எம்.ஆர்.ஐ. படத்தைப் பார்த்த டொக்டரின் முடிவுக்கு இது மாற்று அல்ல. அவரிடம் எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போவதற்கு இது உதவும்.

நேர்குடல் எண்டால் எது? "கீழ்" எண்டு ஏன் பிரிச்சுச் சொல்லுகினம்?

பெருங்குடலின் கடைசிப் பகுதி நேர்குடல். மலவாசலில் இருந்து மேல்நோக்கி அளந்தால் ஏறத்தாழ 15 சென்ரிமீற்றர் வரை. அதில் அடியில் உள்ள 5 சென்ரிமீற்றர் அளவுக்குள் வரும் கட்டிகளைத்தான் கீழ் நேர்குடல் கட்டி என்கிறார்கள். விரலை விட்டுப் பார்த்தால் கையில் தட்டுப்படும் தூரம் அது.

அந்தக் கொஞ்ச இடத்தில்தான் எல்லாச் சிக்கலும். மலவாசலைச் சுற்றி இரண்டு இறுக்கித் தசைகள் உள்ளன. உள் இறுக்கி நம் விருப்பத்தைக் கேட்காமல் தானாகவே எந்த நேரமும் இறுகியிருக்கும். நித்திரையில் மலம் கசிந்து உடுப்பு அழுக்காகாமல் இருப்பதற்குப் பெரும்பங்கு அதனுடையது. வெளி இறுக்கி நாம் சொன்னால் கேட்கும். பஸ்ஸில் நிற்கும்போது அவசரம் வந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்குகிறோமே, அது. இவற்றுக்கு மேலே இடுப்புத் தளத்தின் தசை ஒன்று நேர்குடலை முன்பக்கமாக இழுத்து வளைத்து வைத்திருக்கிறது. உள்ளே இருக்கும் மெல்லிய தோல் இன்னொரு வேலை செய்கிறது: வந்து நிற்பது காற்றா, தண்ணீரா, கட்டியான மலமா என்று பிரித்து அறிவிக்கிறது. நேர்குடலோ மலம் சேர்ந்து காத்திருக்கும் இடம். இவ்வளவும் சேர்ந்துதான் "அடக்குதல்" என்ற சாதாரண காரியம் நடக்கிறது. தசை ஒன்று மட்டும் தப்பினால் போதாது என்பதற்குக் காரணம் இதுதான். இதை மனதில் வைத்துக்கொண்டு மிச்சத்தை வாசியுங்கள்.

மூலவியாதி எண்டு ஆறு மாசம் மருந்து எடுத்தனான். அது புற்றுநோயா மாறிட்டுதோ?

மூலம் புற்றுநோயாக மாறுவதில்லை. இரண்டிலும் இரத்தம் போகும். அதனால் ஒன்று மற்றதை மறைத்துவிடும். இரண்டும் ஒரே ஆளுக்கு இருக்கவும் கூடும். பார்மஸியில் களிம்பும் குளிசையும் வாங்கிப் பூசி நாளைக் கடத்துகிறவர்கள் இங்கே நிறையப் பேர். வெட்கம் ஒரு காரணம், "சூட்டு உடம்பு" என்ற சமாதானம் இன்னொன்று.

இரத்தத்தோடு சீதம் போவது, போய்விட்டு வந்த பிறகும் இன்னும் இருக்கிறது போன்ற உணர்வு, வழக்கமாக வெளிக்குப் போகும் நேரமும் தடவையும் மாறிச் சில வாரங்களாக அப்படியே நிற்பது, காரணமில்லாத இரத்தச்சோகை, மெலிவு ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் மூலம் என்று யாரும் வாயால் சொல்வதை ஏற்காதீர்கள். விரலை விட்டுப் பார்க்கும் சோதனைக்கு ஒரு நிமிடம் போதும், காசும் இல்லை. அந்தச் சோதனை செய்யாமல் மூலத்துக்கு மருந்து எழுதித் தந்தால், "ஒருக்கால் பார்த்திட்டுச் சொல்லுங்கோ டொக்டர்" என்று கேட்பதில் பிழை இல்லை. "முப்பத்தைந்து வயசுதானே" என்பதும் சமாதானம் அல்ல; இளவயதினருக்கும் இந்த நோய் வருகிறது. தசையைக் காப்பாற்றும் வாய்ப்பு பல பேருக்குக் கைநழுவிப் போவது இந்த மாதங்களில்தான்.

எனக்குப் பை இல்லாமல் செய்யலாமோ இல்லையோ எண்டு எதை வைச்சு முடிவு எடுக்கினம்?

மூன்று கேள்விகளை இந்த ஒழுங்கிலேயே பார்ப்பார்கள்.

முதலாவது, கட்டி இறுக்கித் தசைக்குள் போயிருக்கிறதா? இதற்கு விரல் சோதனையும் இடுப்புப் பகுதி எம்.ஆர்.ஐ.யும் வேண்டும். கொலனோஸ்கோபி (கமராக் குழாயை விட்டுக் குடலைப் பார்ப்பது) கட்டியைக் காட்டும், பயொப்சி எடுக்கும், மிச்சக் குடலில் வேறு கட்டி இருக்கிறதா என்றும் சொல்லும்; கட்டி எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று சொல்லாது. சி.டி. ஸ்கான் எடுப்பது ஈரலுக்கோ நுரையீரலுக்கோ பரவியிருக்கிறதா என்று பார்க்க. ஆழத்தைச் சொல்வது எம்.ஆர்.ஐ. தான். வெளி இறுக்கிக்குள்ளோ இடுப்புத் தளத் தசைக்குள்ளோ கட்டி புகுந்திருந்தால், தசையை விட்டுவிட்டு எடுப்பது என்பது புற்றுநோயின் ஒரு பகுதியை உள்ளே விட்டு வருவதாகிவிடும். அந்த இடத்தில் பேரம் பேச முடியாது.

இரண்டாவது, சுத்தமான விளிம்போடு, அதாவது வெட்டிய ஓரத்தில் புற்று இல்லாமல், எடுக்க முடியுமா? கீழ்ப்பக்க விளிம்பு, சுற்றுப்புற விளிம்பு இரண்டும் முக்கியம். சுற்றுப்புறத்தில் புற்றுக்கும் வெட்டுக்கும் இடையில் 1 மில்லிமீற்றருக்கு மேல் இல்லாவிட்டால் நோய் அதே இடத்தில் திரும்பி வரும் வாய்ப்பு கூடுகிறது.

மூன்றாவது கேள்வியைத்தான் நோயாளியும் வீட்டாரும் மறந்துவிடுகிறார்கள். இப்போதே உங்கள் அடக்கும் சக்தி எப்படி? இருமும்போது கசிகிறதா? கடினமான பிரசவத்தில் கிழிந்து தைத்தார்களா? நீண்டகாலச் சலரோகம் நரம்பைப் பாதித்திருக்கிறதா? பாரிசவாதம் வந்து எழும்பி நடக்க ஆள் தேவைப்படுகிறதா? எண்பது வயது, முழங்கால் தேய்ந்தவர், மலசலகூடம் வீட்டு முற்றத்துக்கு அப்பால். இப்படிப்பட்ட ஒருவருக்குத் தசையை வைத்து ஒட்டிக்கொடுத்து, நாளுக்குப் பத்துத் தடவை அவரை அங்கே ஓடவைப்பது உதவி ஆகாது. நன்றாக வைத்த பை, மோசமாக வேலை செய்யும் மலவாசலை விட எவ்வளவோ மேல். இதை நேராகச் சொல்ல டொக்டர்களும் தயங்குகிறார்கள். "பை இல்லாமல் செய்து தந்தார்" என்ற பெயர் யாருக்குத்தான் பிடிக்காது?

ஆணின் ஒடுங்கிய இடுப்பு, உடற்பருமன், கட்டியின் அளவு ஆகியவையும் ஒப்பரேஷனைக் கஷ்டமாக்கும். ஆனால் அவை சத்திரசிகிச்சை நிபுணரின் தலையிடி. மேலே சொன்ன மூன்றும் உங்களுடையவை.

முந்தி எல்லாருக்கும் பைதானே வைச்சவை? இப்ப என்ன மாறிட்டுது?

1908 இல் லண்டனில் ஏர்னஸ்ட் மைல்ஸ் என்ற சத்திரசிகிச்சை நிபுணர், வயிற்றாலும் கீழாலும் வெட்டி நேர்குடலையும் மலவாசலையும் சேர்த்து அகற்றும் முறையை எழுதினார். நிரந்தரப் பை அதனோடு வரும். பல பத்தாண்டுகள் அதுவே வழக்கம். கட்டிக்குக் கீழே 5 சென்ரிமீற்றர் நல்ல குடலையும் எடுக்க வேண்டும் என்று அக்காலத்தில் நம்பினார்கள்; அப்படி எடுத்தால் கீழே ஒட்டுவதற்கு ஒன்றும் மிஞ்சாது.

பிறகு வெட்டியெடுத்த குடல்களை நுணுக்குக்காட்டியில் பார்த்தபோது, புற்று குடல் சுவரின் வழியே கீழ்நோக்கி அவ்வளவு தூரம் பரவுவது அரிது என்று தெரிந்தது. 5 என்பது 2 ஆயிற்று. மிகக் கீழே உள்ள கட்டிகளுக்கு 1 சென்ரிமீற்றரே போதும் என்ற நிலை இப்போது. கையால் தைக்க எட்டாத ஆழத்தில் குடலின் இரு முனைகளையும் வட்டமாகக் கவ்வி ஒட்டும் ஸ்டேப்ளர் கருவி 1970களின் கடைசியில் பரவலாயிற்று.

பெரிய மாற்றம் 1982 இல் வந்தது. இங்கிலாந்தின் பேசிங்ஸ்டோக் நகரில் சத்திரசிகிச்சை நிபுணர் பில் ஹீல்ட் ஒரு விடயத்தைக் காட்டினார்: நோய் திரும்பி வருவது பெரும்பாலும் நேர்குடலைச் சுற்றியுள்ள கொழுப்பிலும் நிணநீர் முடிச்சுகளிலும் மிஞ்சிய புற்றால். அந்தக் கொழுப்பை அதன் மெல்லிய உறை கிழியாமல், கட்டிய பார்சலைப் பிரிக்காமல் தூக்குவது மாதிரி, முழுதாக எடுத்தால் திரும்பி வருவது வெகுவாகக் குறைகிறது. இன்று உலகெங்கும் நேர்குடல் புற்றுநோய் ஒப்பரேஷனின் அடிப்படை இதுவே. ஒரு நல்ல சத்திரசிகிச்சை நிபுணரின் கைவேலை தெரியும் இடமும் இதுவே.

1994 இல் வியன்னாவைச் சேர்ந்த ஷீசலும் அவருடைய குழுவினரும் இன்னும் கீழே போனார்கள். உள் இறுக்கிக்கும் வெளி இறுக்கிக்கும் இடையில் ஒரு மெல்லிய தளம் உண்டு. அதன் வழியே போய் உள் இறுக்கியின் ஒரு பகுதியையோ முழுவதையுமோ நேர்குடலோடு சேர்த்து எடுத்துவிட்டு, வெளி இறுக்கியை விட்டு, பெருங்குடலை இழுத்து மலவாசலோடு கையால் தைப்பது. தசை "காப்பாற்றப்பட்டது" என்று இங்கே சொல்லும்போது பாதித் தசை என்று விளங்கிக்கொள்ள வேண்டும்.

லப்பரஸ்கோப்பியில செய்தால் நல்லதோ? வெளிநாட்டில ரோபோவால செய்யினமாம்.

வயிற்றைத் திறந்து செய்தாலும், துளையிட்டுச் செய்தாலும், ரோபோவால் செய்தாலும் உள்ளே செய்யும் வேலை ஒன்றே. சின்னத் துளையால் நோவும் வார்ட்டில் இருக்கும் நாளும் குறையும். யார் செய்கிறார், இதே ஒப்பரேஷனை எத்தனை தடவை செய்திருக்கிறார் என்பது கருவியை விட முக்கியம். அதைக் கேட்கலாம். கோபிக்க மாட்டார்கள்.

ஒப்பரேஷனுக்கு முதல் ஏன் ரேடியோதெரபி? கட்டியை உடன வெட்டினால் என்ன?

எல்லாருக்கும் தேவையில்லை. சின்னக் கட்டி, ஆழம் போகாதது என்றால் நேராக ஒப்பரேஷன். ஆழம் போயிருந்தால், நிணநீர் முடிச்சில் இருந்தால், விளிம்புக்குக் கிட்ட நின்றால் முதலில் கதிர்ச் சிகிச்சை. 2004 இல் வெளியான ஜேர்மன் ஆய்வு ஒன்று, கதிரையும் கீமோவையும் ஒப்பரேஷனுக்கு முன்னரே கொடுத்தால் நோய் அதே இடத்தில் திரும்பி வருவது பின்னர் கொடுப்பதை விடக் குறைவு என்று காட்டியது: 5 ஆண்டுகளில் 6 வீதம், மற்றப் பக்கம் 13 வீதம்.

குறுகிய முறையில் 5 நாட்கள். நீண்ட முறையில் திங்கள் முதல் வெள்ளி வரை, 5 கிழமைக்குச் சற்று மேல், கீமோ குளிசையோடு. நீண்ட முறை முடிந்து ஆறு முதல் பன்னிரண்டு கிழமை அளவில் ஒப்பரேஷன். இந்த இடைவெளியில் "எங்களை மறந்திட்டினமோ" என்று பயப்பட வேண்டாம். கட்டி அந்தக் காலத்தில்தான் சுருங்குகிறது. சிலருக்கு கீமோ முழுவதையும் ஒப்பரேஷனுக்கு முன்பே கொடுத்து முடிக்கும் வழக்கமும் அண்மை ஆண்டுகளில் வந்திருக்கிறது.

தெல்லிப்பழையில் புற்றுநோய்ச் சிகிச்சை நிலையம் வந்தபின் இந்த 5 கிழமையும் கொழும்புக்குக் கிட்ட உள்ள மகரகம புற்றுநோய் வைத்தியசாலையில் தங்க வேண்டிய தேவை பலருக்குக் குறைந்திருக்கிறது. 2011 இல் தெய்வேந்திரமுனையில் இருந்து பருத்தித்துறை வரை நாட்டின் எல்லாப் பக்கத்தவரும் நடந்து திரட்டிய பணம் அந்த நிலையத்துக்குப் போனது. இதை இளையவர்கள் பலர் அறியார்கள். ஆனால் நெடுந்தீவில் இருக்கிறவருக்குத் தெல்லிப்பழையும் தூரம்தான். காலையில் படகு, குறிகட்டுவானில் இறங்கி பஸ், திரும்பவும் படகு என்று கதிரால் களைத்து வயிற்றோட்டமும் வந்த உடம்போடு 5 கிழமை ஓட முடியாது. சொந்தக்காரர் வீட்டில் தங்குவதற்கு முன்கூட்டியே ஒழுங்கு செய்யுங்கள். 5 நாள் முறை தனக்குப் பொருந்துமா என்று கேட்பதிலும் பிழையில்லை.

கட்டி சுருங்கினால் பை தேவைப்படாமல் போகுமா என்பது இன்னொரு கேள்வி. சிலருக்குத் தேவைப்படாது. எல்லாருக்கும் என்று ஆய்வுகள் காட்டவில்லை. கதிர் தசையையும் நரம்பையும் கூடக் கொஞ்சம் கெடுக்கும் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

கதிரும் கீமோவும் முடிய கட்டியே காணேல்லையாம். பிறகும் ஒப்பரேஷன் வேணுமோ?

பிரேசில் நாட்டின் சத்திரசிகிச்சை நிபுணர் ஏஞ்சலிற்றா ஹப்ர் காமா 2004 இல் இதே கேள்விக்குத் துணிந்து பதில் சொன்னார்: கட்டி முழுதாக மறைந்தவர்களை வெட்டாமல் கவனித்துப் பார்க்கலாம். ஆரம்பத்தில் பலர் ஏற்கவில்லை. 2018 இல் பல நாடுகளின் 880 நோயாளிகளின் தரவு வெளியானது. 2 ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குக் கட்டி அதே இடத்தில் திரும்ப முளைத்தது, மற்றவர்களுக்கு முளைக்கவில்லை. முளைத்தவற்றில் மிகப் பெரும்பாலானவை குடல் சுவரிலேயே இருந்தன. அதனால்தான் விரலாலும் கமராவாலும் நேரத்துக்குப் பிடிக்க முடிகிறது.

"மறைந்தது" என்பதைத் தீர்மானிப்பவை விரல் சோதனை, கமரா, எம்.ஆர்.ஐ. மூன்றும் சேர்ந்து, நோயாளிக்குச் சுகமாக இருக்கிறது என்பது கணக்கில் வராது. முதல் 2, 3 ஆண்டுகள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரவேண்டும். இரத்தம் நின்றுவிட்டது, ஆள் நல்லாயிருக்கிறார், தோட்ட வேலை தலைக்கு மேல் என்று இரண்டு கிளினிக்கைத் தவறவிடுகிற சுபாவம் உள்ளவருக்கு இந்த வழி கூடாது. அதை உங்களை விட உங்கள் மனைவி சரியாகச் சொல்வார்.

இன்னொரு சின்னக் கூட்டத்தினருக்குப் புதுச் செய்தி ஒன்று உண்டு. மரபணுப் பிழைகளைத் திருத்தும் புரதம் கட்டியில் இல்லாதவர்களுக்கு, நோயெதிர்ப்பை முடுக்கும் டொஸ்டார்லிமாப் என்ற ஊசியை மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். நியூயோர்க்கில் இருந்து 2022 இல் வந்த அறிக்கையில் சிகிச்சையை முடித்த 12 பேருக்கும் கட்டி மறைந்திருந்தது. மருந்து விலை கூடியது. நேர்குடல் கட்டிகளில் இந்த வகை நூற்றில் சிலதான். என்றாலும் பயொப்சித் துண்டில் இந்தப் பரிசோதனை செய்யப்பட்டதா என்று கேளுங்கள். பரம்பரை நோயைக் கண்டுபிடிக்கவும் அது உதவும்.

பை இல்லை எண்டுதான் சொன்னவை. எழும்பிப் பார்த்தால் வலப்பக்கம் பை கிடக்குது. ஏமாத்திப்போட்டினமோ?

முன்கூட்டியே விளங்கச் சொல்லாதது பிழை. பை பிழையல்ல. மலவாசலுக்கு இவ்வளவு கிட்ட ஒட்டும்போது ஒட்டு விட்டுப்போகும் ஆபத்து பத்தில் ஒருவர் அளவில் உண்டு. விட்டால் மலம் இடுப்புக்குள் கசிந்து சீழ் பிடிக்கும், உயிருக்கும் உலை வைக்கும். ஆகவே சிறுகுடலின் ஒரு வளைவை வயிற்றுத் தோலுக்கு வெளியே எடுத்து மலத்தைத் தற்காலிகமாகத் திருப்பிவிடுகிறார்கள். ஒட்டு ஆறியதைப் படம் எடுத்து உறுதி செய்தபின், 2, 3 மாதத்தில் மூடலாம். கீமோ இடையில் வந்தால் பிந்தும். ஒரு பகுதியினருக்கு மூடப்படாமலே போவதும் உண்டு. இதை ஒப்பரேஷனுக்குக் கையெழுத்து வைக்கும் முன்னரே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இந்தச் சிறுகுடல் பை தண்ணீராகப் போகும். எங்கள் ஊர் வைகாசி வெயிலில் அது சின்ன விடயம் அல்ல. தண்ணீரோடு உப்பும் போகிறது. வெறுந் தண்ணீரை மேலும் மேலும் குடித்தால் போக்கு இன்னும் கூடும். ஜீவனி (உப்பும் சீனியும் கலந்த தூள்) கரைத்துக் குடியுங்கள், உப்புப் போட்ட கஞ்சி குடியுங்கள். நாளுக்கு ஒன்றரை லீற்றருக்கு மேல் போனால், சலம் மஞ்சளாகிக் குறைந்தால், எழும்பத் தலை சுற்றினால் அடுத்த கிளினிக் வரை காத்திருக்க வேண்டாம், உடனே வார்ட்டுக்குப் போங்கள். சிறுநீரகம் கெடுவதற்கு அதிக நாள் எடுக்காது. பை மூன்றிலொரு பங்கு நிறைந்ததும் வெறுமையாக்குங்கள். இல்லாவிட்டால் பாரத்தில் இழுபட்டுத் தோலில் ஒட்டிய பை கழன்றுவிடும்.

பை மூடினபிறகு எல்லாம் பழையபடி வந்திடும்தானே?

வராது. இதை யாராவது உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

மலம் சேர்ந்து நிற்கும் இடத்தை எடுத்தாயிற்று. அந்த இடத்தில் இருப்பது ஒடுங்கிய பெருங்குடல். அதற்குக் காத்திருக்கத் தெரியாது. காலையில் ஒருமுறை போய், கழுவி, சாரத்தைக் கட்டி, தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் எடுக்க முன் திரும்ப வரும். பிறகும் வரும். ஒரு மணித்தியாலத்துக்குள் நாலு தடவை, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம். அவசரம் வந்தால் கதவைத் திறக்கும் நேரம் கூடக் கிடையாது. காற்று என்று நினைத்துவிட்டது காற்றாக இராது. மறுநாள் ஒன்றுமே போகாது. வைத்தியத்தில் இதற்கு லார்ஸ் என்று பெயர். அதை அளக்க 2012 இல் டென்மார்க்கில் ஐந்தே கேள்விகள் கொண்ட ஒரு புள்ளித் திட்டம் செய்தார்கள். 42 புள்ளியில் 30 அல்லது அதற்கு மேல் என்றால் கடுமையானது. தசையைக் காத்த ஒப்பரேஷன் செய்தவர்களில் ஐந்தில் இரண்டு பேர் அளவில் அந்தக் கடுமையான பிரிவில் வருகிறார்கள். கட்டி எவ்வளவு கீழோ அவ்வளவு கூட; கதிர் கொடுத்தவர்களுக்கு இன்னும் கூட.

முதல் ஓராண்டு, ஒன்றரை ஆண்டில் கணிசமாகக் குறையும். பிறகு மிஞ்சுவதோடு வாழப் பழக வேண்டும். பழகுவதற்கு வழிகள் உண்டு. லொப்பரமைட் குளிசையைச் சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முன் எடுப்பது, டொக்டர் சொன்ன அளவில். இடுப்புத் தளத் தசைப் பயிற்சி: ஒப்பரேஷனுக்கு முன்பே தொடங்கினால் எந்தத் தசையை இறுக்குவது என்று உடம்புக்குப் பிடிபடும், பிசியோதெரபிப் பகுதியில் கேளுங்கள். இவற்றுக்கு அடங்காவிட்டால் மலவாசல் வழியாக இளஞ்சூட்டுத் தண்ணீர் விட்டுக் குடலை ஒரேயடியாகக் கழுவும் முறை இருக்கிறது. கற்றுக்கொண்டவர்கள் அன்றைய நாளின் மிச்சத்தை நிம்மதியாகக் கழிக்கிறார்கள். தோல் வெந்துபோனால் தண்ணீரால் மெதுவாகக் கழுவி ஒற்றித் துடைத்து, சிங்க் ஒக்சைட் களிம்பு பூசுங்கள். தேய்க்க வேண்டாம். கழுவும் பழக்கம் எங்களுக்கு இருப்பது இந்த விடயத்தில் பெரிய உதவி.

கொழும்புக்குப் போவதென்றால் இரவு பஸ் வேண்டாம். ரயிலில் ஏறுங்கள், அதில் மலசலகூடம் இருக்கிறது. குந்தியிருக்கும் மலசலகூடம் மட்டும் உள்ள வீட்டில் முழங்கால் வருத்தக்காரருக்கு கொமட் கதிரை ஒன்றை ஒப்பரேஷனுக்கு முன்பே ஒழுங்கு செய்துவிடுங்கள்.

என்ன சாப்பிடலாம்? பத்தியம் இருக்கோ?

எல்லாருக்கும் பொதுவான பத்தியம் கிடையாது. வழக்கமாகக் குழப்புகிறவை தூள் அள்ளிப் போட்ட கறி, பலாப்பழம், கௌபி, கோவா, வெறும் வயிற்றில் பால் தேத்தண்ணி. சோறு, இடியப்பம், நன்றாகப் பழுத்த வாழைப்பழம், தயிர் ஆகியவை பெரும்பாலும் மலத்தைக் கட்டும். ஒடியல் கூழும் பனங்கிழங்கும் நார் கூடியவை. சிறுகுடல் பை இருக்கும் காலத்தில் பனங்கிழங்கைத் தவிருங்கள், தும்பு போய் அடைத்துக்கொண்டு நள்ளிரவில் வைத்தியசாலைக்கு ஓட வேண்டி வரும். இரவுச் சாப்பாட்டை ஏழு மணிக்கு முன் முடித்தால் நித்திரை குழம்பாது. ஒரு கிழமைக்கு என்ன சாப்பிட்டேன், எத்தனை தரம் போனேன் என்று கொப்பியில் எழுதி வாருங்கள். உங்கள் குடலுக்கு எது ஒத்துவராது என்று அதைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

கேட்க வெட்கமாக் கிடக்கு... குடும்ப வாழ்க்கை?

கேளுங்கள். சலம் போவதற்கும் ஆண்குறி விறைப்பதற்கும் விந்து வெளியேறுவதற்கும் உரிய நரம்புகள் நேர்குடலின் உறையை ஒட்டியே ஓடுகின்றன. கவனமாகப் பிரித்தாலும் சிலருக்குப் பாதிப்பு வரும். பெண்களுக்கு வறட்சியும் நோவும் வரலாம். இடுப்புக்குக் கதிர் கொடுத்தால் மாதவிலக்கு நின்று பிள்ளைப் பேறு இல்லாமல் போகும். கலியாணம் ஆகாத, பிள்ளை இன்னும் பெறாத இளம் ஆட்கள் கதிர் தொடங்க முன்னரே, விந்தையோ முட்டையையோ சேமிக்கும் வழி உண்டா என்று கேட்டாக வேண்டும். தொடங்கிய பின் கேட்டுப் பயனில்லை. தாய் தகப்பன் பக்கத்தில் இருப்பதால் பிள்ளை வாய் திறக்காது. டொக்டரோடு தனியே கதைக்க இடம் கொடுங்கள்.

நிரந்தரப் பைதான் எண்டு சொல்லிட்டினம். நல்லூருக்குப் போகலாமோ? கீரிமலையில குளிக்கலாமோ?

இரண்டுக்கும் போகலாம். ஒரு காரியத்தை மட்டும் ஒப்பரேஷனுக்கு முதல் நாள் செய்ய வேண்டும்.

பை வைக்கும் இடத்தைத் தோலில் மையால் குறிப்பார்கள். கட்டிலில் படுத்திருக்கக் குறித்தால் எழும்பியதும் அந்த இடம் மடிப்புக்குள் போய்விடும். இருந்தும் நின்றும் குனிந்தும் பார்த்துக் குறிக்கச் சொல்லுங்கள். நீங்கள் வேட்டி, சாரம் எந்த உயரத்தில் கட்டுகிறீர்களோ அந்த மாதிரியே கட்டிக் காட்டுங்கள். பெண்கள் பாவாடை நாடா வரும் இடத்தைக் காட்டுங்கள். நல்லூரில் ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றித்தான் உள்ளே போக வேண்டும். வேட்டிக் கட்டுக்குக் கீழே பை அடங்கினால் ஒருவருக்கும் தெரியாது. மேலே வந்தால் இருபத்தைந்து நாள் திருவிழாவும் வீட்டு வாசலோடு முடிந்துவிடும். சால்வையை இடுப்பில் சுற்றிக் கட்டுவது இன்னொரு வழி, அதுவும் மரியாதைதான்.

காயம் முழுதாக ஆறியபின் பையோடு குளிக்கலாம், நீந்தலாம். தண்ணீர் உள்ளே போகாது. "துடக்கு" என்று சொல்லி ஒதுக்கிவைக்கும் சொந்தக்காரர் இருந்தால், எல்லாருடைய வயிற்றுக்குள்ளும் இருப்பதுதானே என்று சொல்லிவிட்டு உள்ளே போங்கள்.

பை உள்ளவர்களையும் தசையைக் காத்தவர்களையும் வாழ்க்கைத் தரத்தில் ஒப்பிட்ட ஆய்வுகளில், பை உள்ளவர்கள் மோசமாக வாழ்கிறார்கள் என்று தெளிவாகக் காட்ட முடியவில்லை. பெருங்குடல் பை கட்டியாகத்தான் போகும், சிறுகுடல் பை மாதிரித் தண்ணீராக ஓடாது. தோட்டம் செய்யலாம், சைக்கிள் ஓடலாம். கடும் பாரம் தூக்கினால் பைக்குப் பக்கத்தில் குடலிறக்கம் வரும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்குப் புற்றுநோய் எண்டு சொல்லேல்லை. "புண்" எண்டு சொல்லி வைச்சிருக்கிறம். டொக்டரும் அப்பிடியே சொல்லுவினமோ?

பாசத்தில் செய்கிறீர்கள் என்பது தெரியும். ஆனால் இந்த நோயில் அது நடைமுறைக்கு உதவாது. நாளுக்குப் பத்துத் தடவை ஓடும் வாழ்க்கையா, பையோடு நிம்மதியான வாழ்க்கையா என்று தெரிவு செய்ய வேண்டியவர் அவர். "புண்" என்று நம்புகிறவர் அந்தத் தெரிவை எப்படிச் செய்வார்? வயிற்றில் பையோடு எழும்பும்போது புண்ணுக்கு ஏன் இது என்று கேட்பாரே, அப்போது என்ன சொல்வீர்கள்? பெரும்பாலான ஐயாமாருக்கு ஏற்கெனவே தெரியும். நீங்கள் அழுவீர்கள் என்று அவர்தான் உங்களுக்குச் சொல்லாமல் இருக்கிறார்.

லண்டனில இருக்கிற அண்ணை "அங்க செய்யாதை, இந்தியாவுக்குக் கொண்டு போ" எண்டு நிக்கிறார்.

இரண்டாவது அபிப்பிராயம் கேட்பது உங்கள் உரிமை. அரச வைத்தியசாலையில் ஒப்பரேஷனும் கதிரும் கீமோவும் இலவசம் என்பதை அண்ணருக்கு நினைவூட்டுங்கள். வெளியே போனால் ஒப்பரேஷன் செலவோடு முடியாது, பை பராமரிப்பு, மூடும் ஒப்பரேஷன், சிக்கல் வந்தால் திரும்பப் போதல் எல்லாம் உண்டு. போவதானால் பயொப்சி அறிக்கை, எம்.ஆர்.ஐ. படம் உள்ள சீடீ, சி.டி. ஸ்கான், கொலனோஸ்கோபி அறிக்கை, சி.ஈ.ஏ. (புற்றுநோயைக் கவனிக்க அளக்கும் ஒரு புரதம்) இரத்தப் பரிசோதனை ஆகியவற்றின் பிரதிகளைக் கொண்டு போங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிய மங்கல் படத்தை வைத்து எந்த நிபுணரும் நல்ல முடிவு சொல்ல முடியாது. அண்ணரை நேரே டொக்டரோடு போனில் கதைக்க விடுங்கள், பாதிப் பிரச்சினை அதோடு தீரும்.

சித்த மருந்து எடுக்கலாமோ?

கதிர், கீமோ நடக்கும்போது எந்தச் சூரணமும் கசாயமும் டொக்டருக்குச் சொல்லாமல் வேண்டாம். ஒப்பரேஷனுக்குப் பதிலாக எடுத்து மாதங்களைக் கடத்துவது, மூலத்துக்குக் களிம்பு பூசிய கதையின் இரண்டாம் பாகம்.

எவ்வளவு காலம் கிளினிக் வரவேணும்? பிள்ளையளுக்கும் வருமோ?

ஐந்து ஆண்டுகள். முதல் 2, 3 ஆண்டுகள் அடிக்கடி, பிறகு இடைவெளி கூடும். சி.ஈ.ஏ. இரத்தப் பரிசோதனை, சி.டி. ஸ்கான், கொலனோஸ்கோபி எல்லாம் உங்கள் கொப்பியில் திகதி போட்டுத் தருவார்கள். ஒப்பரேஷனுக்கு முன் குடல் முழுவதையும் கமராவால் பார்க்க முடியாமல் போயிருந்தால், பிறகு கட்டாயம் பார்க்க வேண்டும்.

பிள்ளைகளும் கூடப்பிறந்தவர்களும் 40 வயதில், அல்லது வீட்டில் நோய் கண்டவரின் வயதில் இருந்து 10 ஐக் கழித்த வயதில், எது முந்தியோ அப்போது கொலனோஸ்கோபி செய்ய வேண்டும். அப்பாவுக்கு 46 இல் கண்டார்கள் என்றால் மகனுக்கு 36. கனடாவில் இருக்கும் மகளுக்கும் இதே கணக்குத்தான். அவருடைய குடும்ப டொக்டரிடம் அப்பாவின் பயொப்சி அறிக்கையைக் காட்டச் சொல்லி இன்றைக்கே ஒரு பிரதி அனுப்பிவிடுங்கள்.